அசையாதது தெரியாத ஊர்

கணவாய்ப்புதூரில் காற்று நின்ற அன்றைக்குத்தான் ஊருக்கு விஷயமே தெரியவந்தது. ஆனியில் தொடங்கி ஆவணி முடிய மலை இடுக்கு வழியாக இரைந்துகொண்டு வருகிற காற்று அந்த ஊரில் எதையும் சும்மா இருக்கவிடாது. தென்னையை ஆட்டும், கொடியில் கிடக்கிற வேட்டியை ஆட்டும், டீக்கடைப் பெயர்ப்பலகையை, ஆட்டின் தாடியை, குடத்துத் தண்ணீரை, பேசிக்கொண்டு நிற்கிறவர்களின் தலைமயிரையெல்லாம் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஊர்க்காரர்களின் கண்கள் எந்த நாளில் மாறிப்போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புரட்டாசி முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காற்று நின்றது. முதலில் கோயில் கோபுரம் மறைந்தது, பிறகு கிழக்குத் தெரு வீடுகள், பிறகு அரசமரம், பிறகு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த பதினோரு பேர். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமான ஒரு வெளியில் நாலைந்து காக்கைகளும், நடக்கிற கால்களும், டீ ஆற்றுகிற இரண்டு கைகளும் மட்டும் மிச்சமாயின. பஸ் வந்ததும் பதினோரு பேரும் ஓடியதால் மறுபடி தெரிந்தார்கள்.

இப்படியாக, அசையாதது எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஊராக அது ஆயிற்று. ஒரு நாள் அழுதார்கள், ஒரு நாள் அம்மனுக்குப் பொங்கலிட்டார்கள், மூன்றாம் நாள் பிழைப்பைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தால் எல்லாம் தெரிகிறது என்று யாரோ கண்டுபிடிக்க, ஊரே தலையாட்டிப் பொம்மை மாதிரி ஒரு வாரம் திரிந்தது. எட்டாம் நாள் கண் அதையும் தெரிந்துகொண்டது. ஆடுவது உன் தலைதானே, உலகமா ஆடுகிறது என்று கேட்பதைப் போல ஆட்டத்தைக் கழித்துவிட்டு மறுபடியும் சாம்பலைக் காட்டியது. அதற்குப் பிறகு பொருளைத்தான் ஆட்ட வேண்டியிருந்தது. காய்கறிக்காரி கத்தரிக்காயைக் குலுக்கிக்கொண்டே விற்றாள், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கைகட்டி உட்கார்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆப்சென்ட் விழுந்து, வால்களெல்லாம் வருகைப் பதிவில் முதலிடம் பெற்றன. குருக்கள் அம்மனைத் தூக்கி ஊஞ்சலில் வைத்தார். தூங்குகிற குழந்தை தெரியாமல் போய்விடுகிறதே என்று தாய்மார்கள் தொடையில் கிள்ளி அழவிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஒரு மாதத்துக்குள் பழகிவிட்டது, அதைத்தான் சகித்துக்கொள்ள முடியவில்லை.

பழகாதவள் ஒருத்திதான். அவள் பெயர் உலகம்மை. ஊர்க் கண் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருடமாக எழுத்துப் பலகையைக் காட்டி, மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்க என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவள். அவள் புருஷன் ஆவுடையப்பன் காற்றாலையில் மராமத்து வேலை பார்த்தவர். அந்த வருடம் வைகாசியில் ஏணியிலிருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்து, மூக்கில் கஞ்சிக் குழாயோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கழுத்து திரும்பாது, கைகால் அசையாது, குரல் வராது. மூச்சு ஓடும், இமை மூடித் திறக்கும், அவ்வளவுதான். இரண்டு தடவை சிமிட்டினால் ஆமாம், ஒரு தடவை சிமிட்டினால் இல்லை என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது.

காற்று நின்ற அன்று உலகம்மை நிலையத்திலிருந்து தட்டுத் தடுமாறி வீட்டுக்கு ஓடிவந்தபோது கட்டிலில் புருஷன் இல்லை. ஏறி இறங்குகிற ஒரு மார்பும் இரண்டு இமைகளும் மட்டும் இருந்தன. கையை வைத்துத் தடவினாள், தோள் இருந்தது, மூக்கு இருந்தது, ஆஸ்பத்திரியில் மழித்து விட்டு இப்போது முளைத்துக்கொண்டிருக்கிற முடி இருந்தது. இருக்காக, இங்கதான் இருக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்று முழுக்க அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீராக நடக்கிற அசைவைக் கண் சீக்கிரம் மறந்துவிடும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. நாலாம் நாள் மார்பு மறைந்தது. அதற்கடுத்த நாள், தானாக மூடித் திறக்கிற இமைகளும் மறைந்தன. அவளுக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்காக அவர் வேண்டுமென்றே சிமிட்டும்போது மட்டும் ஒரு கணம் தெரிந்தன.

வியாழக்கிழமைகளில் டவுனிலிருந்து வருகிற கண் டாக்டர் ரெஜினா, ஊரெல்லையைத் தாண்டிய ஒரு மணி நேரத்தில் தனக்கும் அப்படியே ஆகிவிட்டதாகச் சொன்னார். இருவருமாகச் சேர்ந்து கண் பார்க்கிற இயந்திரத்தின் முன்னால் ஊரையே வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் எந்தக் கண்ணை அதில் வைத்தாலும் கருவிழி, காய்ச்சுகிற பாலின் ஆடை மாதிரி ஓயாமல் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். இப்போது அத்தனை கண்களும், இமைக்கிற ஒரு கணம் மட்டும் தெரிந்து, கோலிக்குண்டு போல நின்றன.

டாக்டர் கைகழுவிக்கொண்டே, "கண்ணுக்குள்ள படம் எதுவும் போறதில்ல, உலகம்மை. பின்னால இருக்கிற திரையில லட்சக்கணக்கா நரம்பு இருக்கு. அதுகளுக்கு மூளையோட கதவைத் தட்ட மட்டும்தான் தெரியும். வெளிச்சம் மாறினா தட்டும். மாறலைன்னா, புதுசா சொல்ல ஒண்ணும் இல்லைன்னு சும்மா இருந்திரும். நம்ம கண்ணு நடுங்கிக்கிட்டே இருக்கிறதாலதான் அசையாத சுவர்கூட நரம்புக்குப் புதுசா இருக்கு. இங்க அந்த நடுக்கம் நின்னுபோச்சு" என்றார்.

ஏன் நின்றது என்று உலகம்மை கேட்டதற்கு, டவுனில் கேட்டு வந்து சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் அவர் வருவதும் நின்றது. சாலை தெரியவில்லை என்று பஸ்ஸும் கல்லுப்பாலத்தோடு திரும்பிவிட்டது. ஆவுடையப்பனை நாலு மைல் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். இல்லாத ஆளைத் தூக்க யாரும் வரவில்லை.

இல்லாத ஆள் என்கிற பேச்சு எப்படி வந்தது என்றால், ஊர்க்கூட்டத்தால் வந்தது. கோயில் தர்மகர்த்தா பலவேசம் நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார், ஆனால் எதற்கும் ஒரு சட்டம் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரே மூட்டையைத் தடவிப் பார்த்து ஒருத்தர் உளுந்து என்றும், இன்னொருத்தர் அது என் மச்சான் என்றும் அடித்துக்கொண்ட நாளில், கையால் தொட்டது சாட்சி ஆகாது, கண்ணால் கண்டதுதான் சாட்சி என்று முதல் சட்டம் போட்டார். ஆட்களை எப்படிக் கணக்கில் வைப்பது என்று கேள்வி வந்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பேர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, தொடர்ந்து மூன்று வெள்ளி கண்ணில் படாத ஆளை இறந்தவராக எழுதுவது என்று இரண்டாவது சட்டம் போட்டார். இறந்தவர் படுத்த கட்டிலைச் சுடுகாட்டில் வைத்து எரிப்பது அந்த ஊரில் முன்பிருந்தே உள்ள வழக்கம்.

முதலில் அப்படிக் கொண்டுபோகப்பட்டது தங்கப்பழம் என்கிற கிழவியின் கட்டில். மருமகளோடு கோபித்துக்கொண்டு மூன்று வாரம் பேசாமல், அசையாமல், வீம்புக்குப் படுத்துக் கிடந்தவளைக் கட்டிலோடு தூக்கிப் போய்த் தீ வைத்தார்கள். கால் பக்கம் சூடு பட்டதும் கிழவி எழுந்து, முந்தானையை உதறி அணைத்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்துவந்து உலை வைத்தாள். இதற்கு ஊர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊர் நிம்மதிப்பட்டது. பார்த்தீர்களா, உயிர் இருந்தால் தீ பட்டதும் எழுந்திருக்கும், இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து உலகம்மைக்குத் தூக்கம் போயிற்று. கிழவியால் எழுந்திருக்க முடிந்தது. ஆவுடையப்பனால் முடியாது, கத்தக்கூட முடியாது, எரிகிறபோது இரண்டு தடவை சிமிட்டலாம், அவ்வளவுதான்.

அதுவரை வெள்ளிதோறும் அவர் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டி வந்தவள், அதையும் கண் தெரிந்துகொண்டதும், கட்டிலின் நாலு காலிலும் கயிறு கட்டி விட்டத்தில் தொங்கவிட்டாள். கயிறு, அவர் காற்றாலையில் ஏறுவதற்கு இடுப்பில் கட்டிக்கொள்கிற அதே கயிறு. முதல் தள்ளலில் அவர் வந்தார். சாம்பலுக்குள்ளிருந்து நெற்றி வந்தது, காது வந்தது, மோவாய்க் குழி வந்தது, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் கட்டைவிரலில் வெட்டாமல் விட்ட நகம் வந்தது. உலகம்மை கட்டிலைத் தள்ளிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தள்ளினாள், அன்று வெள்ளிக்கிழமை, ஐந்து பேரும் வந்து பார்த்து ஆவுடையப்பன் இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளியும் எழுதினார்கள். அதற்கடுத்த வாரத்தில் கண் ஊஞ்சலைத் தெரிந்துகொண்டது. கோயிலில் அம்மன் ஊஞ்சலோடு மறைந்தாள், மலை உச்சியில் மட்டும் மிச்சமிருந்த காற்றில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகள் சுற்றச் சுற்ற மறைந்தன, வீட்டில் ஆவுடையப்பன் தொங்குகட்டிலில் ஆடியபடியே இல்லாமல் போனார்.

அதற்குப் பிறகு அவள் சீராக ஆட்டவில்லை. ஒரு நேரம் வேகமாக, ஒரு நேரம் மெதுவாக, இடப்பக்கம், வலப்பக்கம், சட்டென்று நிறுத்தி, சட்டென்று இழுத்து, கண் எதிர்பாராத விதமாக ஆட்டினாள். ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் அவர் கொஞ்ச நேரம் தெரிவார்; அதைக் கண் தெரிந்துகொள்ளும்; அவள் இன்னொன்றைத் தேடவேண்டும். தோள்பட்டை வீங்கியது, உள்ளங்கையில் கயிறு அறுத்தது. கட்டில் தூக்கிப்போட்டதில் அவருக்கு வாந்தி வந்து, தலையைத் திருப்பிவிட ஒரு கணம் தாமதித்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும். வலிக்கா என்று கேட்டாள். இரண்டு தடவை சிமிட்டினார். நிறுத்தட்டுமா என்று கேட்டாள். அதற்கு அவர் சிமிட்டவில்லை.

கார்த்திகை முதல் வெள்ளி சாட்சிகள் வந்தபோது அவர் தெரியவில்லை. இரண்டாவது வெள்ளி அவரையே சிமிட்டச் சொன்னாள். பலவேசம், வெறும் ரெண்டு இமையை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்று எப்படி எழுதுவது என்று வருத்தத்தோடு சொன்னார். மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாளே செய்தி போய், கல்லுப்பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து அவளுடைய அண்ணன் சொரிமுத்து நடந்து வந்து சேர்ந்தான். கையில் ஒரு ஜவுளிப் பை இருந்தது. புருஷன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துவந்து உடுத்துகிற கோடிச் சேலை அதற்குள் இருந்தது.

"கோடிய வீட்டுக்குள்ள கொண்டு வராத அண்ணே" என்றாள் உலகம்மை.

"நான் என்னட்டி செய்ய? ஊரு சொல்லி விட்டிருக்கு. கொண்டு வராம இருந்தா நாளைக்கு அண்ணங்காரன் எட்டிப் பாக்கலன்னு உன்னையத்தான் பேசுவாவ."

அவன் கட்டிலில் கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருக்கிறதே என்றான். வாசலில் நின்ற ஒருவர், வெயில் படுகிற இடத்தில் தொங்குகிற கட்டில் சூடாகத்தான் இருக்கும் என்றார். சொரிமுத்துவும், தன் கைதானே, அது சாட்சி ஆகாதே என்று நினைத்தவனாகக் கையை எடுத்துவிட்டான். உலகம்மைக்குத் தன் அண்ணன்மேல் அந்த நேரத்தில் வந்த வெறுப்பு கடைசிவரை முழுதாகப் போகவில்லை.

மூன்றாம் வெள்ளி காலை பத்து மணிக்கு ஊர் அவள் வீட்டு முற்றத்தில் கூடியது. இலை அசையவில்லை. கூட்டம் வந்து நின்ற உடனே மறைந்துபோனதால், யாரும் இல்லாத முற்றத்தில் இருமல்களும் செருமல்களும் மட்டும் கேட்டன. உலகம்மை கயிற்றைப் பிடித்தாள். இத்தனை நாளில் தான் ஆட்டிய ஆட்டம் எல்லாவற்றையும் ஆட்டினாள். தெரியலையே எம்மா என்றார் பலவேசம். கட்டிலைச் சுற்றிவிட்டாள், முறுக்கி விட்டாள், ஒரு பக்கக் கயிற்றை மட்டும் குலுக்கினாள். தெரியலையே எம்மா. போர்வையை உருவி எறிந்தாள், போர்வை மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. கடைசியில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. கை தானாகக் கீழே விழுந்தது, கட்டில் நாலு தடவை ஆடி நின்றது, நாலு பேர் கட்டில் காலில் கை வைக்கிற சத்தம் கேட்டது.

அவள் குனிந்து, இல்லாத அந்த முகத்தின்மேல் தன் முகத்தை வைத்தாள். அவருடைய இமைமயிர் அவள் கன்னத்தில் பட்டது. ஒரு தடவை பட்டு விலகவில்லை, சிமிட்டலாகவும் இல்லை, பூச்சி ஊர்வதைப் போல மிக லேசாக, நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே விழி நடுங்கினால்தான் இமைமயிர் அப்படிப் படும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் ஒரு கண் பாக்கியில்லாமல் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தவள் வீட்டில் கிடந்த கண்ணைப் பார்க்கவில்லை. அவரை மற்றவர்கள் பார்க்கிறார்களா என்றுதான் இத்தனை நாளும் பதறினாளே தவிர, அவருக்கு என்ன தெரிகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"ஒரு நிமிசம் பொறுங்க" என்றாள். "ஒரு கண்ணு பாக்கி இருக்கு. நான் சோதிக்கல."

அலமாரியிலிருந்து நிலையத்துப் பூதக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துவந்து, விரலால் தடவி இடம் கண்டுபிடித்து, அவருடைய வலது கண்ணுக்கு நேரே பிடித்தாள். கண்ணாடிக்குள் கருவிழி தெரிந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே மாதிரியாக இல்லாமல், ஒரு நடுக்கத்தைப் போல இன்னொரு நடுக்கம் இல்லாமல், அவள் இத்தனை வாரமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்ய முயன்றதை அந்தக் கண் எந்தச் சிரமமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. உடம்பு முழுவதிலிருந்தும் போன அசைவு அங்கே போய் ஒண்டிக்கொண்டதோ என்னவோ, அந்த ஊரில் நடுக்கம் நிற்காத கண் அது ஒன்றுதான்.

பலவேசத்தைக் கைப்பிடித்து இழுத்து வந்து கண்ணாடியில் பார்க்கச் சொன்னாள். அவர் குனிந்தார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. கண் தெரிகிறதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பலவேசம் மெதுவாகத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கோபுரம் இருக்குய்யா" என்றார். "கோபுரம், அரசமரம், நீங்க எல்லாரும் நிக்கிய. நானும் நிக்கேன். எனக்கு மீசை நரைச்சிட்டே."

நடுங்குகிற கண்ணில் விழுகிற நிழலும் நடுங்கத்தானே செய்யும். வாசல் வழியாகத் தெரிகிற தெரு, தெருவுக்கு மேலே கோபுரம், முற்றத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிற ஊர் எல்லாம், மிளகு அளவு அந்த விழியின் பளபளப்பில் நடுங்கிக்கொண்டு, அதனால் தெரிந்துகொண்டு இருந்தன. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். நின்ற நிலையில் தங்களைப் பார்த்து இரண்டரை மாதம் ஆனவர்கள், கண்ணாடியின் முன் நின்றால் வெறும் சாம்பலைக் கண்டவர்கள், தங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டே விலகினார்கள். ஊரையே காட்டுகிற கண்ணை ஆள் இல்லை என்று எப்படி எழுதுவது என்று பலவேசம் நோட்டை எடுத்து ஆவுடையப்பன், உயிரோடு என்று எழுதிவிட்டு, அடுத்த வெள்ளி வருகிறோம் என்று வழக்கம்போலச் சொன்னார். கட்டில் காலைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருத்தி தூங்குகிற கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்தக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, கிள்ளாமல், எழுப்பாமல், அது தூங்குவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துப் பலவேசம் ஓடிப்போய்ச் செத்துப்போன தன் சம்சாரத்தின் போட்டோவை எடுத்துவந்தார். பிறகு மாமனார் போட்டோ, கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரம், பூஜை அறைச் சாமி படம் என்று வரிசை தெருமுனையைத் தாண்டியது. இத்தனை நாளும் இல்லாதவராக இருந்த ஆளை, ஐயா ஆவுடையப்பா, கொஞ்சம் மூடாம இருப்பா என்று கெஞ்சினார்கள். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண் சிவந்து நீர் வழிந்தது. வழிகிற நீரும் அசைவதால் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் வரிசை நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு உலகம்மை எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சொரிமுத்து, கோடிச் சேலையை என்னட்டி செய்ய என்று கேட்டுக்கொண்டே வாசற்படியில் போய் உட்கார்ந்தான், உட்கார்ந்ததும் மறைந்தான்.

அவள் ஈரத்துணியால் அவர் கண்ணைத் துடைத்தாள். கயிற்றைத் தொடவில்லை. முக்காலியைக் கட்டிலோரம் போட்டு, கைகள் இரண்டையும் மடியில் வைத்து, வைகாசியிலிருந்து இன்றுவரை ஒரு பொழுதும் செய்யாத ஒன்றைச் செய்தாள், அழாமல், பதறாமல் சும்மா உட்கார்ந்தாள். முதலில் அவள் கைகள் அவளுக்கே மறைந்தன, பிறகு மடி, பிறகு கட்டில், சுவர், வீடு. எதிரே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவள் கேட்டாள்.

"என்னையத் தெரியுதா உங்களுக்கு?"

சாம்பலுக்குள் இரண்டு இமைகள் ஒரு தடவை மூடித் திறந்தன. பிறகு, அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருக்க, இன்னொரு தடவையும் மூடித் திறந்தன.

"அன்னைலருந்தா? நான் ஒரு இடத்துல உக்காந்து அழுததெல்லாம்?"

மறுபடியும் இரண்டு தடவை.

வெளியே கதவைத் தட்டினார்கள். அடுத்த வெள்ளி இருக்கிறது, அதற்கடுத்த வெள்ளியும் இருக்கிறது, அந்தக் கண் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். உலகம்மை எழுந்திருக்கவில்லை, விரலைக்கூட அசைக்கவில்லை. ஊர் முழுவதும் ஒன்று சேர்ந்து ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே சீராகத் தட்டியதால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் கேட்காமல் போயிற்று.